எட்டு மூலையும் இரண்டு காதும்

"தங்கமா?" என்று கேட்டாள் என் மனைவி.

"இல்ல. ஸ்டீல்."

"எவர்சில்வருக்கா கொழும்புக்குப் போறீங்க?"

நான் பெட்டியை மூடினேன். சொல்லிப் புரியவைக்கிற காரியமில்லை அது. ஸ்டீலில் செய்த ஒரு கைக்கடிகாரத்துக்காக உலகம் முழுக்கப் பணக்காரர்கள் கடை வாசலில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள், பணம் கையில் இருந்தாலும் கடைக்காரன் மனம் வைத்தால்தான் உண்டு என்று தூத்துக்குடியில் ஒரு சமையலறை வாசலில் நின்று எப்படிச் சொல்வது?

விஷயம் இதுதான். ஜெயசீலன் ஃபோன் செய்திருந்தான். நானும் அவனும் ஒரே கப்பலின் எஞ்சின் அறையில் வெந்தவர்கள். இப்போது இரண்டு பேரும் ஓய்வு. அவன் கொழும்பு வெள்ளவத்தையில் மனைவி மலரோடு இருக்கிறான். ஒரே மகள் மெல்போர்னில். அவனிடம் இரண்டு கடிகாரங்கள் உண்டு. மகளிடம் வேண்டுமா என்று கேட்டிருக்கிறான். நேரம் பார்க்க ஃபோன் இருக்கிறதே அப்பா என்று சொல்லிவிட்டாளாம்.

"ஒண்டு உனக்கு, மற்றது என்ர தங்கச்சிக்கு. நீ வந்து பாத்து எது வேணுமோ எடு. நீ எடுத்த பிறகு மிச்சம் அவளுக்கு" என்றான்.

எனக்கு ஏன் முதல் உரிமை என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும். சிங்கப்பூரில் அவன் முதல் கடிகாரத்தை வாங்கியபோது நான் பக்கத்தில் நின்றேன். நான் அப்போது வீடு கட்டிக்கொண்டிருந்தேன். என் முகத்தை அவன் பார்த்திருக்க வேண்டும்.

வெள்ளவத்தையில் அவன் வீடு, காலி வீதி என்ற பெருஞ்சாலையிலிருந்து கடலுக்கு இறங்குகிற, ஒழுங்கை என்கிற ஒரு சந்தில், மாடிக் குடியிருப்பில் இருக்கிறது. நான் போய்ச் சேர்ந்தபோது மலர் இடியப்பம் அவித்துவைத்திருந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி. சொதியும் தேங்காய்ச் சம்பலும் கத்தரிக்காய்ப் பால்கறியும். எங்கள் ஊரில் இடியாப்பத்துக்குச் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் ஊற்றிக் குழந்தைகளுக்குக் கொடுப்பதுபோல் கொடுப்போம். இங்கே அது வளர்ந்தவர்களின் சாப்பாடு. நான்கு இடியப்பம் போனதும், "இன்னும் ரெண்டு வைக்கட்டோ அண்ணா?" என்று கேட்டு, பதில் வருமுன் வைத்துவிட்டாள்.

ஜெயசீலன் மெலிந்திருந்தான். கழுத்தெலும்பு சட்டைக்கு வெளியே தெரிந்தது. உடம்புக்கு என்ன என்று கேட்டேன். "ஒண்டுமில்லை, சீனியைக் குறைச்சுப் போட்டன்" என்றான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், என் கண் அந்நேரம் அலமாரியின் மேல் இருந்த இரண்டு பெட்டிகளின் மேல் இருந்தது. கேட்டிருக்க வேண்டும் என்று இதை எழுதும்போது தோன்றுகிறது. அங்கே தோன்றவில்லை.

கைகழுவியதும் பெட்டிகளைக் கொண்டுவந்து திறந்தான்.

இரண்டும் விளையாட்டுக் கடிகாரங்கள் என்ற வகை. அதைக் கட்டிக்கொண்டு யாரும் விளையாடியதாகத் தெரியவில்லை. பெயர்களை நான் எழுதப்போவதில்லை. விவரம் தெரிந்தவர்களுக்குப் பெயர் வேண்டாம், தெரியாதவர்களுக்குப் பெயரால் பயன் இல்லை. ஒன்றின் முகத்தைச் சுற்றி எட்டு மூலை வளையம், மூலைக்கொரு திருகாணி. நீல டயலில் சின்னச் சின்னச் சதுரங்கள். அதுதான் சிங்கப்பூரில் வாங்கியது. மற்றதற்கு மூலைகள் மழுங்கி, இரண்டு பக்கமும் காதுபோல் இரண்டு புடைப்பு, கப்பலின் வட்ட ஜன்னலுக்கு இருக்கிற கீல் மாதிரி. டயலில் கிடைக்கோடுகள். நீலமா பச்சையா என்று சொல்ல முடியாத, ஆழ்கடலில் வெயில் சாயும்போது வருகிற நிறம். அதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நான் வேறு கப்பலுக்கு மாறிய பிறகு வாங்கியதாம்.

பார்த்தவுடனே எனக்குக் காது வைத்தது வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஜெயசீலனோ எட்டு மூலையை எடுத்து என் பக்கம் தள்ளினான்.

"இதை எடன் மச்சான். இது நானும் நீயும் சேந்து போய் எடுத்தது."

"அது?"

"அதுவும் நல்லதுதான்" என்றான். அவ்வளவுதான். எட்டு மூலையைப் பற்றிப் பேச அவனுக்கு எவ்வளவோ இருந்தது. காது வைத்ததைப் பற்றி அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

"அவசரமில்லை. ஒரு நாள் இதைக் கட்டிக்கொண்டு திரி, ஒரு நாள் அதைக் கட்டிக்கொண்டு திரி. ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்ட சாப்பாடு. அங்க போகேக்க சொல்லு" என்றான்.

மறுநாள் எட்டு மூலையைக் கட்டிக்கொண்டேன். என் மணிக்கட்டுக்கு அளந்து செய்ததுபோல் பொருந்தியது. அவ்வளவு மெலிந்தவனின் கடிகாரம் எனக்கு எப்படி இவ்வளவு சரியாக இருக்கிறது என்று நான் யோசிக்கவே இல்லை.

இரண்டு பேரும் கடலோரமாக நடந்தோம். வெள்ளவத்தையில் கடலுக்கும் ஊருக்கும் நடுவில் தண்டவாளம் ஓடுகிறது. ரயில் வந்தால் கதவில் தொங்குகிறவர்கள் மேல் அலைத்துளி தெறிக்கிறது. ஜெயசீலன் தன் நோயாளி அயலவர் ஒருவரைப் பற்றி, பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலத்தைப் பற்றி, மகள் கடைசியாக வந்தபோது நடந்த ஏதோ ஒன்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தான். நான் "ம்" கொட்டினேன். வெயிலில் டயலின் சதுரங்கள் ஒவ்வொன்றாக மின்னுவதைப் பார்க்கக் கையை மெல்லத் திருப்பித் திருப்பி நடந்தேன்.

சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சைவக் கடையில் தோசை சாப்பிட்டோம். எங்கள் ஊர்த் தோசைக்கு இது ஒன்றுவிட்ட சகோதரம். கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் தடிப்பு. ஆனால் கூட வருகிற சம்பலுக்காக எதையும் மன்னிக்கலாம். பால் விடாத பிளேன்டீ குடிக்கும்போது ஜெயசீலன் திடீரென்று கேட்டான்.

"அப்ப நீ என்ன சொல்லுறாய்? போகட்டோ, விடட்டோ?"

எங்கே போவதைப் பற்றிக் கேட்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை. அவன் பேச்சைக் காதில் வாங்காததை மறைக்க, "போயேன், என்ன கெட்டுப் போச்சு" என்றேன்.

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "மலரும் அதைத்தான் சொல்லுறாள்" என்றான். பிறகு மலரிடம் விசாரித்தபோதுதான் தெரிந்தது. இந்த வீட்டை விட்டுவிட்டு மெல்போர்னுக்கே போய்விடுவதா என்று என்னிடம் யோசனை கேட்டிருக்கிறான். அவன் வாழ்க்கையின் பெரிய கேள்விக்கு நான் ஒரு கடிகாரத்தைப் பார்த்தபடி பதில் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த நாள் காது வைத்ததைக் கட்டிக்கொண்டு தனியாகப் புறக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் புறப்பட்டேன். வீட்டுக்குத் தேயிலையும், சம்பலில் போடுகிற மாசிக் கருவாடும் வாங்க வேண்டும். த்ரீவீலில், அதாவது ஆட்டோவில், போகச் சொன்னான் ஜெயசீலன். நான் பஸ்ஸில் ஏறினேன். ஊரைப் பார்க்க பஸ்தான் சரி என்பது என் கொள்கை.

கொள்ளுப்பிட்டிக்குக் கிட்ட வண்டி இருமி நின்றுவிட்டது. நடத்துநர் எல்லோரையும் இறக்கிப் பின்னால் வந்த பஸ்ஸில் திணித்தார். அதன் நடத்துநர் "இஸ்ஸரஹாட்ட யன்ன, இஸ்ஸரஹாட்ட யன்ன" என்று கத்துகிறார். முன்னால் போ என்று அர்த்தம். முன்னால் ஒரு எறும்பு நுழைய இடமில்லை. அந்த நெரிசலில் யார் கை எங்கே என்று தெரியவில்லை. நான் கடிகாரம் கட்டிய கையை மணிக்கட்டுவரை கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். எனக்கு முன்னால் குடையும் பையுமாக நின்ற ஒரு அம்மாள் அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்தார். சுற்றியிருந்த எல்லாக் கைகளும் நீண்டன. மிகப் பக்கத்தில் இருந்தது என் கை. அது பைக்குள்ளேயே இருந்தது.

யாரோ அவரைப் பிடித்து நிறுத்தினார்கள். அவர் திரும்பி என்னையும், கால்சட்டைப் பைக்குள் இருந்த என் கையையும் பார்த்தார். சிங்களத்தில் என்னவோ கேட்டார். பக்கத்தில் நின்ற ஒருவர் மொழிபெயர்த்தார்.

"ஒங்களுக்குக் கையில வருத்தமான்னு கேக்குறாங்க ஐயா."

வருத்தம் என்றால் இங்கே நோய். "ஆமாம்" என்றேன்.

அந்த அம்மாள், உட்கார்ந்திருந்த ஒரு இளைஞனின் தோளைத் தட்டி எழுப்பினார். என்னைப் பிடித்து அந்த இடத்தில் உட்கார வைத்தார். இறங்கும்போது, கவனமாகப் போங்கள் என்று சைகை வேறு காட்டினார். புறக்கோட்டை வரும்வரை நான் அந்த இருக்கையில், நல்ல கையை நோயாளிக் கைபோல மடியில் வைத்துக்கொண்டு, தலை குனிந்து வந்தேன்.

புறக்கோட்டையில் எல்லாம் கிடைக்கும். மூட்டை சுமக்கிறவர்கள் தள்ளுவண்டியோடு ஓடிவர, வழிவிட்டு ஒதுங்கியபோது நடைபாதையில் ஒரு பலகையில் கைக்கடிகாரங்கள் தொங்குவதைப் பார்த்தேன். மூன்றாவது வரிசை முழுக்கக் காது வைத்தவை. அதே கிடைக்கோடுகள், அதே நீலப்பச்சை. என் கையில் இருப்பதன் கூடப்பிறந்தவர்கள்போல வெயிலில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

கடைக்காரர் என் கையைப் பார்த்தார். தொழில் தெரிந்தவர் சிரிக்கிற சிரிப்பு. "அண்ணே, ஒங்கடயும் நல்ல காப்பிதான். எங்க எடுத்தீங்க?"

நான் சிரித்துக்கொண்டே நகர்ந்தேன். ஆனால் ஐம்பதடி போவதற்குள் நின்று கடிகாரத்தை மறுபடி பார்த்தேன். ஜெயசீலன் ஏன் இதைப் பற்றிப் பேசவே இல்லை? இதை வாங்கியபோது நான் கூட இல்லை. இது போலியா? போலி என்று அவனுக்குத் தெரியுமா? அப்படித்தான் இருக்கும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. அடுத்த நிமிடம் வேறு மாதிரித் தோன்றியது. இதுதான் உண்மையான சாமான், இதைத் தங்கச்சிக்கு ஒதுக்கத்தான் அதை என் பக்கம் தள்ளினானோ? இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. இரண்டு சந்தேகத்தையும் சேர்த்தே சுமந்துகொண்டு நடந்தேன். தானமாகக் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தவன் கதையை எங்கள் பக்கம் சொல்லிச் சிரிப்போம். அவன் எப்படி இருப்பான் என்று அன்றைக்கு ஏதாவது கடைக் கண்ணாடியில் பார்த்திருக்கலாம்.

தேயிலையை மறந்தேன். நல்ல கடிகாரக் கடை எங்கே என்று விசாரித்தேன். கொட்டாஞ்சேனையில் ஒன்று இருக்கிறது, ஹாஜியார் கடை, பெரிய சாமான் எல்லாம் பார்ப்பார் என்றார் ஒருவர். த்ரீவீல் பிடித்துப் போனேன்.

குளிரூட்டிய கடை. ஹாஜியார் வெள்ளைச் சட்டையும் கனத்த கண்ணாடியுமாக, ஒரு வங்கி மேலாளரைப்போல் உட்கார்ந்திருந்தார். கடிகாரத்தைக் கழற்றிக் கண்ணாடிப் பலகைமேல் வைத்தேன்.

"இது அசல்தானான்னு பாத்துச் சொல்ல முடியுமா?"

அவர் எடுத்தார். திருப்பினார். பட்டையைக் கண்ணி கண்ணியாக விரலால் தடவினார். பிறகு கடிகாரத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"யார்ட வாச் சேர் இது?"

இரவல் என்று சொல்லியிருக்கலாம். நண்பனுடையது என்று சொல்லியிருக்கலாம். நண்பன் கொடுத்ததை அவனுக்குத் தெரியாமல் சோதிக்க வந்திருக்கிறேன் என்று அந்த முகத்துக்கு முன்னால் எப்படிச் சொல்வது?

"என்னோடதுதான்" என்றேன். "சிங்கப்பூர்ல வாங்கினது."

"அப்படியா" என்றார். கடிகாரத்தைத் தன் பக்கத்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். மரியாதை குறையாமல், "கொஞ்சம் இரிங்க சேர்" என்று சொல்லிவிட்டு ஃபோனை எடுத்தார். ஃபோனைப் பலகைமேல் வைத்து ஒலிபெருக்கியை அழுத்தியபோதுதான் எனக்குப் புரிந்தது. மணி அடித்தது.

"சொல்லுங்க ஹாஜியார்." ஜெயசீலன் குரல்.

"ஜெயசீலன் சேர், ஒங்கட அந்தக் காது வாச் வீட்டில பத்திரமா இரிக்கா? இங்க ஒருத்தர் கொண்டு வந்திரிக்கார். அசலா எண்டு பாக்கட்டாம். தன்ட வாச் எண்டும் செல்றார். பக்கத்திலதான் இரிக்கார். போன கிழமை நான் கை வச்ச சாமான் எனக்குத் தெரியாதா?"

அந்தப் பக்கம் வீட்டுக் கூடத்தில் ஓடுகிற மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது.

"ஓம் ஹாஜியார்" என்றான் ஜெயசீலன். "அது அவன்ர வாச்தான். என்ர கூட்டாளி. நான் குடுத்திட்டன். பாத்துக் குடுத்துவிடுங்கோ."

ஃபோன் நின்றது. ஹாஜியாரின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. எழுந்து கை கொடுத்தார்.

"மன்னிச்சிக்கோங்க சேர்! அப்ப நீங்கதானா அந்த இந்தியாக் கூட்டாளி! போன கிழமை ரெண்டு வாச்சையும் கொண்டு வந்தாரு. தன்ட கைக்குக் கழட்டி வச்ச கண்ணி எல்லாத்தையும் திருப்பிப் போடச் சென்னாரு. கூட்டாளி வாரான், அவனுக்குக் கை பெரிசு, எதை எடுப்பான் எண்டு தெரியாது, ரெண்டுக்கும் போடுங்க எண்டாரு." குடிக்க ஏதாவது கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். "குடுங்க, இப்ப தொறந்து பாத்திருவோம். அண்டைக்குக் கண்ணி மட்டும்தான் போட்டேன். உள்ளுக்குப் பாக்கல்ல."

"வேண்டாம்" என்றேன்.

"ரெண்டு நிமிஷ வேலை சேர்."

"வேண்டாங்க. வேண்டாம்." கடிகாரத்தை வாங்கிக் கையில் கட்டாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அவர் வரவழைத்த குளிர்பானம் வழியில் எதிர்ப்பட்டது. அதையும் தாண்டி வந்தேன்.

மழை பிடித்துக்கொண்டது. திரும்புகிற த்ரீவீல் தேங்கிய தண்ணீரில் அணைந்துபோனது. ஓட்டுநர் பணிவாகக் கேட்டார், கொஞ்சம் தள்ள முடியுமா என்று. இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்று தள்ளினேன். வேறொரு நாளாக இருந்தால் இதை ஒரு பக்கத்துக்கு எழுதியிருப்பேன். அன்றைக்குத் தள்ளுவதற்கு ஏதோ ஒன்று கிடைத்ததே என்று இருந்தது. இன்னும் கொஞ்சத் தூரம் தள்ளச் சொன்னாலும் தள்ளியிருப்பேன்.

கதவைத் திறந்தவன் ஜெயசீலன். கீழேயிருந்து மேல்வரை என்னைப் பார்த்தான்.

"நனைஞ்சு போனாய். மலர், ஒரு துவாய் கொண்டு வாரும்."

மலருக்குக் கடை விஷயம் ஒன்றும் தெரிந்ததாகத் தெரியவில்லை. "தேயிலை வாங்கினீங்களே அண்ணா?" என்று கேட்டாள். மறந்துவிட்டேன் என்றேன். பாண் என்கிற ரொட்டியும் மீன்குழம்பும் வைத்தாள். சாப்பிடும்போது இரண்டு முறை அதைப் பேச வாயெடுத்தேன். ஒவ்வொரு முறையும் அவன் பேச்சைக் கிரிக்கெட்டுக்குத் திருப்பிவிட்டான். எனக்கு வெட்கத்தைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது. இவன் இதைப் பேசவே போவதில்லை. கடைசிவரை இப்படியே குழம்பு ஊற்றிக்கொண்டிருக்கப் போகிறான்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையில் தங்கை ஸ்டெல்லாவின் வீட்டுக்குப் புறப்பட்டோம். அவள் மூன்றாம் மாடி. மலருக்கு முழங்கால் ஏறாது. நானும் ஜெயசீலனும் மட்டும் த்ரீவீலில். இரண்டு பெட்டிகளும் ஒரு துணிப்பையில் அவன் மடியில் இருந்தன. இரண்டையும் வேண்டாம் என்று சொல்லிவிடுவது என்று நான் முடிவு செய்திருந்தேன். அதை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது அவன் முந்திக்கொண்டான்.

"ஹாஜியார் என்ன சொன்னவர்?"

குத்திக் காட்டுகிறான் என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். அவன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஜெயா, நான் அத என்னோடதுன்னு சொல்லிட்டேன்டா. அது வந்து..."

"அதை விடு. உன்ரதானே. திறந்து பாத்தவரோ?"

"ஏன்?"

அவன் பையின் வாயைப் பிடித்துச் சுருட்டினான், விரித்தான். ஓட்டுநருக்குக் கேட்காத குரலில் சொன்னான்.

"எட்டு மூலை உனக்குத் தெரியும், கடையில எடுத்தது. மற்றது கப்பல்ல ஒரு கப்டனிட்ட எடுத்தது மச்சான். இறங்கிப் போறன், அவசரமாக் காசு வேணுமெண்டான். நானும் ஆசையில எடுத்திட்டன். பிறகுதான் யோசிச்சன். கள்ளச் சாமானோ தெரியாது. அண்டையிலயிருந்து ஆரிட்டயும் காட்டேல்லை. மலருக்கும் சொல்லேல்லை. போன கிழமை கண்ணி போடக் குடுக்கேக்க ஹாஜியாரிட்டக் கேக்கலாமெண்டு வாய்வரைக்கும் வந்தது. வெக்கமாய்ப் போச்சு. அதுதான் உன்னை எட்டு மூலையை எடு எடு எண்டனான். நீ மற்றதை எடுத்து, அங்க ஆரும் பாத்துச் சிரிச்சா, நான் உன்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது? நீ கடைக்குக் கொண்டு போனது நல்லதாய்ப் போச்சு."

நான் எதிரே ஓட்டுநரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவன் பேசாமல் இருந்ததற்கு நான் கண்டுபிடித்த காரணங்கள் என்ன, இவனிடம் இருந்த காரணம் என்ன! நல்லதை எனக்குத் தள்ளிவிட்டு, சந்தேகமானதைத் தன் குடும்பத்துக்குள்ளே வைத்துக்கொள்ளப் பார்த்திருக்கிறான். அந்நேரம் வண்டியிலிருந்து இறங்கி ஓடிவிட வேண்டும்போல் இருந்தது.

"முத்து, சொல்லன். திறந்து பாத்தவரோ?"

திறக்கவில்லை என்று சொன்னால் அவன் இன்னும் எத்தனை காலம் இந்தச் சந்தேகத்தோடு இருப்பான்? திறக்கவிடாமல் தடுத்ததே நான்தான் என்று சொன்னால் ஏன் என்று கேட்பான்.

"பாத்தார்" என்றேன். "அசல்தானாம்."

"வடிவாப் பாத்தவரோ?"

"கண்ணுல கண்ணாடி மாட்டிப் பாத்தார்."

ஜெயசீலன் இருக்கையில் சாய்ந்தான். மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே வந்தான், தனியாக.

"அப்ப இனிப் பயமில்லை. ரெண்டும் ஒண்டுதான். எதை எடுக்கிறாய், சொல்லு."

இரண்டையும் வேண்டாம் என்று சொல்ல வந்தவன் நான். இப்போது அதைச் சொன்னால், என் பொய் அவனுக்குத் தெரிந்துவிடும். எட்டு மூலையை எடுத்தாலோ, இன்னதென்று யாருக்கும் தெரியாத ஒன்றை ஸ்டெல்லாவின் கையில் கட்டிவிட்டு, நிச்சயமானதை நான் கொண்டுபோனதாகிவிடும். மூன்று நாளாகக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து முடிவு செய்ய முடியாததற்கு, முடிவு செய்ய இப்போது ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.

"காது வச்சத" என்றேன்.

"எட்டு மூலை வேண்டாமே? வடிவா யோசி."

"இல்லடா. இதுதான்."

"எனக்கும் அதுதான் வடிவு" என்றான். வண்டிக்குள்ளேயே பெட்டியைத் திறந்து, என் கையை இழுத்துக் கட்டிவிட்டான்.

ஸ்டெல்லா கோயிலுக்குப் போய்வந்த சேலையோடு கதவைத் திறந்தாள். பங்குப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள். மேசையில் மஞ்சள் சோறு, கோழிக்கறி, கட்லட், அச்சாறு. எட்டு மூலையை அண்ணன் கட்டிவிட்டதும் அது முழங்கைவரை வழுக்கிக்கொண்டு போனது. "இதென்னண்ணா, நம்பரே இல்லை! பிள்ளையளுக்கு மணி பாக்கப் படிப்பிக்கவும் ஏலாது" என்று சிரித்தாள். ஹாஜியாரிடம் கொண்டுபோய்க் கண்ணி கழற்றித் தருகிறேன் என்றான் ஜெயசீலன். ஹாஜியார் என்ற பேரைக் கேட்டதும் நான் எடுத்த கட்லட்டைத் தட்டில் திரும்ப வைத்தேன். இவன் கடைக்குப் போவான். இருவரும் பேசுவார்கள். ஒரு வேளை தெரிந்துவிடும்.

"உங்கட எது அண்ணா?" என்று என்னைக் கேட்டாள் ஸ்டெல்லா.

நான் வாய் திறக்குமுன் ஜெயசீலன் சொன்னான். "காட்டு, காட்டு. கப்டனிட்ட எடுத்தது. சுத்த ஒரிஜினல். ஹாஜியாரே திறந்து பாத்துச் சொன்னவர்." இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை ஒருவழியாகச் சத்தமாகச் சொல்லக் கிடைத்த சந்தோஷம் அவன் முகத்தில் இருந்தது. "கேளன் இவனிட்ட!"

"ஆமா" என்றேன். "அசல்."

ஸ்டெல்லா குனிந்து பார்த்துவிட்டு, வடிவு என்று சொல்லிக் கோழிக்கறிச் சட்டியை என் பக்கம் நகர்த்தினாள். நான் மெதுவாகக் கையை மேசைக்குக் கீழே இறக்கினேன். ஜெயசீலன் பேச்சை நிறுத்தாமலே அதை எட்டிப் பிடித்து, மறுபடி மேசைமேல் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் தூக்கி வைத்தான்.